ஒரே கிடாரில் மூன்று பேர்: கார்டு மெலடி பற்றி ஒரு குறிப்பு

கள்ளக்குறிச்சியில் "நான் கிடார் வாசிப்பேன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: "அப்படியா, எந்த சர்ச்சுல?" கேட்பவர் மேல் தப்பில்லை. இங்கே கிடாரைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மூன்றுதான். ஒன்று சர்ச், இரண்டு காலேஜ் ஆண்டு விழா, மூன்று கல்யாண ரிசப்ஷன் மேடை. "ஜாஸ்" என்று இழுத்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஆகவே நான் பெரும்பாலும் சொல்வதில்லை.

பி.இ. படித்த காலத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். எனக்கு ரிதம் கிடார். டிரம்ஸ் வாசித்தவன் இப்போது அமெரிக்காவில், பேஸ் வாசித்தவன் சிங்கப்பூரில், பாடியவன் சென்னையில் ரியல் எஸ்டேட்டில். நான் 2020-ல் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன், அம்மாவைத் தனியாக விட முடியாது என்று இங்கேயே தங்கிவிட்டேன். வேலை அதேதான், டீமும் அதேதான், மீட்டிங்கும் அதேதான். ஆனால் சேர்ந்து வாசிக்க ஓர் ஆள் கிடையாது. வெறும் ரிதம் கிடாரைத் தனியாக உட்கார்ந்து வாசிப்பது சாதம் இல்லாமல் ரசம் குடிப்பது மாதிரி. நன்றாகத்தான் இருக்கும், வயிறு நிறையாது.

அப்படித்தான் கார்டு மெலடிக்கு வந்து சேர்ந்தேன். ஐந்து வருடமாக நான் கேட்டது, நோட்டில் எழுதி வைத்தது, தப்பாக வாசித்துத் திருத்திக்கொண்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட வேண்டும் என்று ஆசை. அதுதான் இந்தக் குறிப்பு. நான் இசை படித்தவன் இல்லை. படித்தது எலக்ட்ரானிக்ஸ், பார்ப்பது கோடிங். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் எழுத முடியும்.

கார்டு மெலடி என்றால் என்ன?

சினிமாப் பாட்டில் கிடார் இரண்டு விதமாக வரும். ஒன்று, பாடகர் பாடும்போது பின்னால் கார்டு போட்டுக்கொண்டே போவது. இன்னொன்று, இடையிசையில் ஒவ்வொரு ஸ்வரமாக ஒரு டியூனை வாசிப்பது. 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் "இளைய நிலா" பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கார்டைப் பிடித்து, அதன் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்க்கிறார்கள். இதற்குப் பெயர் ஆர்பெஜியோ. அங்கேயும் பாட்டு பாடகரிடம்தான் இருக்கிறது. கிடார் பந்தல் போடுகிறது.

கார்டு மெலடியில் பாடகர் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. பாட்டின் டியூன், அதற்கு அடியில் கார்டு, அதற்கும் அடியில் பேஸ் ஸ்வரம் ஆகிய மூன்றையும் ஒரே ஆள் ஒரே கிடாரில் வாசிக்க வேண்டும். இதில் மாறாத விதி ஒன்று உண்டு: டியூனின் ஸ்வரம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். காது எப்போதும் மேலே உள்ள ஸ்வரத்தைத்தான் பாட்டு என்று எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் கண்டக்டர் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறதல்லவா, அந்த மாதிரி.

இந்த விதியைப் புத்தகத்தில் படித்து மண்டையாட்டியது 2020-ல். புரிந்தது 2021-ல், அம்மா சொல்லித்தான். ஆறு மாதம் பயிற்சி செய்து, ஒரு பழைய பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டை எடுத்து, எனக்குத் தெரிந்த கார்டையெல்லாம் கொட்டி வாசித்துக் காட்டினேன். அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்குடா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

கைக்கணக்கு

பியானோவில் பத்து விரல். கிடாரில் தந்தியை அழுத்த இடது கையில் நாலு விரல்தான். அதில் ஒரு விரல் டியூனுக்குப் போய்விடும். மிச்சம் மூன்று. ஆக, எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் முழுக் கலையும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு கட்டுப்பாட்டுப் புதிர். மேல் ஸ்வரம் மாறக்கூடாது, விரல் நாலுக்கு மேல் இல்லை, நாலைந்து ஃப்ரெட்டுக்கு மேல் கை நீளாது. இத்தனைக்கும் நடுவில் விடை தேட வேண்டும்.

ஓர் உதாரணம். சி, அதாவது நம்மூர்க் கணக்கில் ஒரு கட்டையை ச என்று வைத்துக்கொள்வோம். சி மேஜர் செவன் என்ற கார்டில் உள்ள ஸ்வரங்கள் ச, க, ப, நி. சங்கராபரணத்து க, நி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் டியூன் அந்த நொடியில் மேல் ச-வில் நிற்கிறது என்றால், அதற்குக் கீழே நெருக்கமாக அடுக்கினால் வரிசை இப்படி வரும்: க, ப, நி, ச. பியானோவில் இது ஒரு கை வேலை. கிடாரில் போட்டுப் பாருங்கள். நாலாவது தந்தியில் 14-ஆவது ஃப்ரெட், மூன்றாவது தந்தியில் 12, இரண்டாவதில் 12, முதல் தந்தியில் 8. எட்டிலிருந்து பதினான்கு வரை விரலை விரிக்க வேண்டும். என் கையில் நடக்காது.

இப்போது ஒரு சின்ன வேலை செய்யலாம். மேலிருந்து இரண்டாவது ஸ்வரமான நி-யை மட்டும் எடுத்து ஒரு ஸ்தாயி கீழே போடுங்கள். வரிசை நி, க, ப, ச என்று ஆகிறது. அதே நாலு ஸ்வரம், மேலே அதே ச. கிடாரில் இடம்: நாலாவது தந்தியில் 9, மூன்றாவதில் 9, இரண்டாவதில் 8, முதலில் 8. இரண்டே ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிட்டது! இதற்கு டிராப் டூ என்று பெயர். மேலிருந்து இரண்டாவதைக் கீழே இறக்குவதால் அந்தப் பெயர். இதை முதல் முறை கண்டுகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரிய ஃபங்ஷனை ஒரே வரியில் சுருக்கி எழுதினால் ஒரு சந்தோஷம் வருமே, அதேதான்.

இதுவும் போதாத இடங்கள் உண்டு. அப்போது கார்டிலிருந்து ஸ்வரத்தையே கழற்ற வேண்டும். முதலில் போக வேண்டியது ப. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்டின் நிறம் பெரிதாக மாறாது. கூட பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் அடுத்து ச-வும் போகலாம். கடைசி வரை விடக்கூடாதவை க-வும் நி-யும். கார்டு சிரிக்கிறதா அழுகிறதா, நிற்கிறதா நகரத் துடிக்கிறதா என்பதை இந்த இரண்டும்தான் சொல்கின்றன. மூன்று விரலில் ஒரு பியானோவே கேட்கிறதே என்று ஆச்சரியப்படுகிறோம் இல்லையா, அதன் ரகசியம் பாதி இங்கேதான் இருக்கிறது. மிச்சத்தைக் கேட்பவரின் காது நிரப்பிக்கொள்கிறது.

வீணையிடம் கேட்டால்

"ஒரு ஆள், ஒரு வாத்தியம், எல்லாமே அவர்தான்" என்பது நமக்குப் புதுசா என்ன? வீணையில் வாசிக்கும் தந்தி நாலு, பக்கத்தில் தாளத் தந்தி மூன்று. ராகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது சுண்டு விரல் தாளத் தந்தியைத் தட்டிக்கொண்டிருக்கும். பாட்டு, சுருதி, தாளம் மூன்றும் ஒருவர் மடியில்.

ஆனால் ஓர் அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. இது தெரியாமல் ஒரு வருடத்தை வீணடித்தேன். தோடியில் அமைந்த ஒரு பாட்டை கார்டு மெலடியாக்கப் பார்த்தேன். எந்தக் கார்டு போட்டாலும் ஒட்டவில்லை. காரணம் எளிது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, அது ஓர் அசைவு. வீணையில் தந்தியை இழுத்து அந்த அசைவை வாங்கலாம். கார்டு என்பதோ நாலு ஸ்வரம் அசையாமல் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது. மேலே உள்ளவர் ஆடிக்கொண்டே இருந்தால் கீழே உள்ளவர்கள் யாரைப் பார்ப்பது? ஆகவே கமகம் குறைந்து, ஸ்வரம் நேராக நிற்கும் மெல்லிசைதான் இதற்கு வசதி. சங்கராபரணம், நடபைரவி சாயலில் போட்ட பழைய சினிமாப் பாட்டுகள் சட்டென்று உட்காரும். தோடியை வீணைக்கே விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் எல்லாவற்றிலும் வாசித்தாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

சத்தம் போதவில்லை, அதனால்தான்

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் காரணம் கலை இல்லை, சத்தம். 1920-களில் டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும் குழுவில் கிடாருக்கு மைக்கும் கிடையாது, ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. ஒற்றைத் தந்தியில் டியூன் வாசித்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்கே கேட்காது. நாலைந்து தந்தியைச் சேர்த்து அடித்தால் ஓரளவு கேட்கும். ஆகவே தனி வாசிக்க வாய்ப்பு வந்தபோது அந்தக் காலத்தவர்களில் பலர் கார்டாலேயே டியூனை வாசித்தார்கள். எடி லாங், கார்ல் கிரெஸ், டிக் மெக்டொனோ எல்லாம் இந்த வரிசை. எடி லாங் 1933-ல், முப்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜார்ஜ் வான் எப்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஆறு தந்தி போதவில்லை என்று 1930-களின் இறுதியில் எபிஃபோன் கம்பெனியில் சொல்லி ஏழு தந்தி கிடார் செய்ய வைத்தார். கூடுதல் தந்தி கீழ் ஸ்தாயிக்கு, அதாவது பேஸுக்கு. தன் வாத்தியத்தை மடியில் வைத்த பியானோ என்றே அவர் நினைத்தார்.

1939-ல் பென்னி குட்மேன் குழுவுக்கு சார்லி கிறிஸ்டியன் வந்தார், கையில் மின் கிடாரோடு. இனி சத்தம் பிரச்சினை இல்லை. சாக்ஸஃபோன் மாதிரி ஒற்றை ஸ்வரமாகவே ஓடலாம். அவர் 1942-ல் 25 வயதில் காசநோயில் இறந்தார். அந்த இரண்டரை வருடத்துக்குள் கிடாரின் பாதையே திரும்பிவிட்டது. கார்டு மெலடிக்கு அப்போதே வேலை போயிருக்க வேண்டும். தேவை தீர்ந்துவிட்டதே. ஆனால் போகவில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். கட்டாயத்துக்காக வந்த ஒன்று, கட்டாயம் போன பிறகு ஆசைக்காகத் தங்கிவிட்டது.

தங்க வைத்தவர்களில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் ஜானி ஸ்மித். மேலே நான் "என் கையில் நடக்காது" என்று விட்டுவிட்ட அந்த நெருக்கமான அடுக்குகளை அவர் விரலை விரித்து வாசித்தார். 1952-ல் ஸ்டான் கெட்ஸ் சாக்ஸஃபோனோடு பதிவு செய்த "மூன்லைட் இன் வெர்மான்ட்" அவரைப் பெரிய ஆளாக்கியது. அதைக் கேட்டால் கிடார் என்று சட்டென்று தோன்றாது, யாரோ பியானோவைப் பஞ்சில் சுற்றி வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் 1950-களின் இறுதியில், மனைவி இறந்த பிறகு, சின்னப் பெண் குழந்தையை வளர்க்க வேண்டும் என்று நியூயார்க்கை விட்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் போய் ஒரு வாத்தியக் கடை வைத்தார். புகழின் உச்சியில் இருந்தவர். 2013-ல் 90 வயதில் இறக்கும் வரை அந்த ஊர்தான். முதல் முறை இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத் திரும்பியதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இரண்டாமவர் வெஸ் மான்ட்கோமரி. இருபது வயதை ஒட்டித்தான் தீவிரமாக ஆரம்பித்தார். சார்லி கிறிஸ்டியன் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றவர். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு, வீடு நிறையக் குழந்தைகள். பிக் இல்லாமல் கட்டை விரலால்தான் மீட்டுவார், அதனால் அந்த வெண்ணெய் மாதிரி சத்தம். அவர் தனி வாசிப்பில் ஒரு படிக்கட்டு இருக்கும். முதலில் ஒற்றை ஸ்வரம், அடுத்து ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து, கடைசியில் முழுக் கார்டு. மழை தூறி, வலுத்து, கொட்டுகிற வரிசை. 1968-ல் மாரடைப்பில் இறந்தபோது வயது 45. எனக்கு இப்போது அந்த வயது.

மூன்றாமவர் ஜோ பாஸ். போதையில் பல வருடங்களைத் தொலைத்து, மறுவாழ்வு மையத்தில் மீண்டு வந்தவர். 1973-ல், 44 வயதில், பாப்லோ நிறுவனத்துக்காக "வர்ச்சுவோஸோ" என்ற தனிக் கிடார் ஆல்பத்தைப் பதிவு செய்தார். கூட யாருமே இல்லை.

ஒரே சிபியு, மூன்று புரோகிராம்

ஜோ பாஸைக் கேட்கும்போது, பேஸ் ஒருவர், கார்டு ஒருவர், டியூன் ஒருவர் என்று மூன்று பேர் வாசிப்பதாகவே தோன்றும். ரெக்கார்டிங்கை பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். உண்மையில் பெரும்பாலான நேரம் மூன்றும் சேர்ந்து ஒலிக்கவே இல்லை! ஒரு பேஸ் ஸ்வரம், அது ஓய்வதற்குள் ஒரு கார்டு, அது ஓய்வதற்குள் நாலு ஸ்வரத்தில் ஒரு சின்ன ஓட்டம், மறுபடி பேஸ். எதையும் முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. எதையும் காது மறக்கும் அளவுக்கு விடுவதும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இது உடனே புரியும். பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கோர்தான் இருந்தது. ஆனாலும் பாட்டு ஓடிக்கொண்டே டைப் அடிக்க முடிந்தது. சிபியு ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் கொடுத்து மாறிக்கொண்டே இருக்கும், நமக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதாகத் தெரியும். ஜோ பாஸ் அதைத்தான் செய்கிறார். வித்தியாசம் என்னவென்றால், கம்ப்யூட்டர் நேரத்தை இயந்திரமாகப் பங்கு போடும். இவர் பாட்டின் மூச்சைப் பார்த்துப் பங்கு போடுகிறார். பாடகர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே கார்டு விழுகிறது, எங்கே வார்த்தை நெருக்கமாக வருமோ அங்கே டியூன் மட்டும் தனியாக ஓடுகிறது. நான் அதுவரை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கார்டு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

கொல்கத்தாவில் ஒருவர்

"இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம்ம நாட்டுக்கு என்ன?" என்று கேட்கலாம். நம் நாட்டிலும் ஜாஸ் இருந்தது, நிறையவே இருந்தது. 1958-ல் டேவ் ப்ரூபெக் குழு இந்தியா வந்தபோது சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு அசந்து போனது. 1963-ல் டியூக் எல்லிங்டன் வந்தார். கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ், மொக்காம்போ, புளூ ஃபாக்ஸ் என்று வரிசையாக ஹோட்டல்களில் தினமும் நேரடி இசை. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான உஷா உதுப் புடவை கட்டிக்கொண்டு 1969-ல் டிரிங்காஸில் பாடினார். வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும்.

அந்த உலகத்தின் கிடார் முகம் கார்ல்டன் கிட்டோ. 1942-ல் பெங்களூரில் பிறந்து, கொல்கத்தாவில் வாழ்ந்தவர். பெரும்பாலும் ரெக்கார்டுகளைக் கேட்டுத் தானாகக் கற்றவர், அவருக்கும் தொடக்கம் சார்லி கிறிஸ்டியன்தான். பீபாப் என்ற ஜாஸ் வகையை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே நின்றார். 1970-களுக்குப் பிறகு பார்க் ஸ்ட்ரீட் மங்கியது. கேளிக்கை வரி ஏறியது, ஆங்கிலோ இந்தியர்கள் வெளிநாடு போனார்கள், ரசனை மாறியது. கூட வாசித்தவர்களில் சிலர் பம்பாய்க்கு, சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் போனார்கள். கிட்டோ போகவில்லை. கேட்க ஆள் குறையக் குறைய அவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பல தலைமுறைப் பிள்ளைகள் அவரிடம் கற்றார்கள். சுஷீல் குரியன் எடுத்த "ஃபைண்டிங் கார்ல்டன்" என்ற ஆவணப்படம் அவரைத் தேடிப் போகும் கதைதான்.

அந்தப் படத்தில் அவர் வாசிப்பதைப் பார்க்க வேண்டும். சிரித்த முகம். கிடாரோடு பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். டியூன் மேலே தெளிவாக நிற்க, கார்டுகள் அடியில் நழுவிக்கொண்டே போகும். அலட்டல் என்பதே கிடையாது.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயம். 2014-ல் கிளையண்ட் வேலையாக மூன்று நாள் கொல்கத்தாவில் இருந்தேன். அவர் அதே ஊரில் இருக்கிறார் என்று தெரியும். மாலை இரண்டு காலியாகத்தான் இருந்தன. ஒரு ரிலீஸ் இழுத்துக்கொண்டிருந்தது, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஹோட்டல் அறையில் லாக் ஃபைல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 2016 நவம்பரில் அவர் போய்விட்டார். அந்த ரிலீஸில் என்ன இருந்தது என்று இன்றைக்கு என்னால் ஒரு வரி சொல்ல முடியாது.

வெள்ளிமலையில் ஒரு சாயங்காலம்

போன தையில் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வெள்ளிமலை போயிருந்தேன். அவர் மலையிலேயே ஆசிரியர். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வளைவு வளைவாக ஏறினால் கீழே கரும்பு லாரியும் அரிசி மில் தூசியும் மறைந்து காற்றே மாறிவிடும். குளிருக்குத் தந்தி இறுகி சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது, இறக்கி வைத்தேன். கரண்ட் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன் என்று நினைக்கிறேன், ஜோ பாஸ் பாணியில் ஓட்டமெல்லாம் போட்டேன்.

நண்பரின் அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து வந்து, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "கை நல்லா ஓடுது தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்து, "எங்க ஓடுதுன்னுதான் தெரியல."

அம்மா சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான். ஐந்து வருடம் கழித்தும் அதே இடம்! கொஞ்சம் வலித்தது. அப்புறம் மெதுவாக, கார்டையெல்லாம் விட்டுவிட்டு, பழைய பாட்டு ஒன்றை ஒற்றைத் தந்தியில் வாசித்தேன். இரண்டாவது முறை வரும்போது வரிக்கு ஒரே ஒரு கார்டு, அதுவும் வரி முடிகிற இடத்தில் மட்டும். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு தாளத்துக்குக் கால் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா கண்டுபிடித்த பிழை

மலையிலிருந்து வந்த பிறகு அந்த பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டை அடியிலிருந்து மறுபடி எழுதினேன். இந்த முறை அம்மா முதல் வரியிலேயே கண்டுபிடித்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சரணத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி, "அங்க ஏதோ இடிக்குதுடா" என்றார். "அது ஜாஸ்ம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். "ஜாஸோ கீஸோ, இடிக்குது."

ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் வர வேண்டியது ப-வை அடியாகக் கொண்ட கார்டு: ப, நி, ரி, ம. அதன் உயிர் நி-யும் ம-வும். ஜாஸ்காரர்கள் இதற்குப் பதிலாக சுத்த ரிஷபத்தை அடியாக வைத்து ஒரு கார்டு போடுவார்கள்: சுத்த ரி, ம, சுத்த த, நி. அதே நி, ம இதிலும் இருப்பதால் ஆள்மாறாட்டம் செல்லும். பேஸ் அரைச் சுரம் வழுக்கி ச-வில் வந்து இறங்கும்போது அவ்வளவு சுகமாக இருக்கும். நானும் அந்த ஆசையில்தான் போட்டிருந்தேன். ஆனால் அந்த நொடியில் மேலே டியூன் நிற்பது சதுஸ்ருதி ரிஷபத்தில். கீழே சுத்த ரி, மேலே சதுஸ்ருதி ரி. இடிக்காமல் என்ன செய்யும்? ஏழு வயசில் ரேடியோவில் கேட்ட பாட்டை வைத்துக்கொண்டு, தியரி ஒன்றும் தெரியாமல், சரியாக அந்தக் கார்டின் மேல் கை வைத்திருக்கிறார் அம்மா. பழைய கார்டையே திருப்பிப் போட்டேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

என் ஐந்து வருடத்தை நாலு வரியில் தருகிறேன்.

முதலில் பாட்டை வாயால் பாடுங்கள், வார்த்தையோடு. மூச்சு எங்கே வாங்குகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டியூனை மேல் இரண்டு தந்திகளில் மட்டும் வாசியுங்கள். கீழே இறங்கினால் அடியில் கார்டுக்கு இடம் இருக்காது. தேவைப்பட்டால் சுருதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு தாளம் விழுகிற இடத்தில் மட்டும் பேஸ் ஸ்வரம். டியூனும் பேஸும் இரண்டே குரலாக ஒரு மாதம் வாசியுங்கள். நம்புங்கள், இதுவே அழகாக இருக்கும்.

கடைசியாகத்தான் நடுவில் க-வும் நி-யும், மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும். போட்ட ஒவ்வொரு கார்டையும் எடுத்துவிட்டு ஒரு முறை வாசித்துப் பாருங்கள். எடுத்ததே தெரியவில்லை என்றால் அது வேண்டாத கார்டு.

முடித்ததும் இசை தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பாட்டின் பெயரைச் சொல்லாதீர்கள். அவராகச் சொன்னால் பாஸ்.

ஆள் இல்லாததால்தான் இதற்கு வந்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். இப்போதும் ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் பக்கத்தில் இருந்தால் இதை வைத்துவிட்டு அங்கே ஓடிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருவிலிருந்து பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன் வருகிறான். அவனுக்கு வேண்டியது புதுப் படப் பாட்டுக்கு நாலு கார்டு, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஜாஸ் பற்றி நான் வாய் திறப்பதில்லை. போன வாரம் அவனாகக் கேட்டான், "அண்ணா, நீங்க வாசிக்கும்போது பாடாமலே பாட்டு கேக்குதே, அது எப்படி?"

நாலாவது தந்தியில் 9, மூன்றாவதில் 9, இரண்டாவதில் 8, முதலில் 8 என்று விரலை வைத்துக் காட்டினேன்.